முப்பத்தெட்டு மீட்டர்

பெரிய சாருக்கு அபார ஞாபகசக்தி என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. எந்தத் துளையில் எத்தனையாவது மீட்டரில் என்ன கல் வந்தது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வாராம். டங்ஸ்டன் போன மாதம் என்ன விலை, மாலிப்டினம் போன வருஷம் என்ன விலை, எல்லாம் விரல் நுனியில். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, இரண்டு தடவை அவள் வீட்டுச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவருக்கு, அவள் முகம் மட்டும் சுத்தமாக ஞாபகமில்லை என்பது வேலை கேட்டு வந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"சர்வேயருக்கு லேடியா?" என்று அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டியபடியே கேட்டார். அறை முழுக்க அவருடைய சென்ட் வாசனை. "டனலுக்குள்ள போகணும்மா. இருட்டு, தூசி, எலி எல்லாம் இருக்கும்."

"எலியெல்லாம் பார்த்துப் பழக்கம்தான் சார்."

அவர் சிரித்தார். எந்த எலியைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. கையெழுத்துப் போட்டு வேலையைக் கொடுத்தார்.

அந்தக் காபிக்குப் பிறகு ஓடிய பத்து வருஷத்தில் அவளுக்கு முடி பாதி நரைத்திருந்தது. மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. உடம்பு வற்றிக் குச்சியாகியிருந்தாள். ஆனால் அதெல்லாம் சாக்கு. ஏறிட்டுப் பார்க்காத முகம் எப்படி ஞாபகத்தில் நிற்கும்? காபி கொண்டுவந்த கையைத்தான் அந்த ஆள் பார்த்தார், அதுவும் டம்ளருக்காக.

அவள் கணவர் இதே மலையில் ஜியாலஜிஸ்டாக இருந்தவர். துளையிடும் மெஷின் பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்துக் கொடுக்கும். கோர் என்று அதற்குப் பெயர். அதைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். டங்ஸ்டன் தாது அந்த வெளிச்சத்தில் ஒளிரும். தனி டங்ஸ்டன் என்றால் நீலம். மாலிப்டினம் கலந்திருந்தால் மஞ்சள். இந்த மலையில் இரண்டும் சேர்ந்தே கிடந்ததால் எங்கே துளை போட்டாலும் மஞ்சள்தான். "நம்ம மலை முட்டைக்கரு மாதிரி எரியுது" என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வினை பதினான்காம் துளையில் வந்தது. அந்தத் துளையில் முப்பத்தெட்டு மீட்டர் நீளத்துக்குக் கோர் விடாமல் மஞ்சளாக ஒளிர்ந்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். அவள் கணவர் மட்டும் உட்கார்ந்து, கல்லில் தெரிந்த கோடுகளின் சாய்வை ஒவ்வொன்றாக அளந்தார். விஷயம் புரிந்தது. கனிமப் பட்டை மலைக்குள் செங்குத்தாக நிற்கிறது; துளை அதைக் குறுக்கே வெட்டாமல் அதன் ஊடாகவே கீழே இறங்கியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டு, இந்தத் தாள் ஒரு முழம் தடிமன் என்று சொன்னால் எப்படியோ அப்படி. கணக்குப் போட்டுத் தன் நோட்டில் பென்சிலால் எழுதினார்: உண்மையான அகலம் ஒரு சாண், இரண்டு விரல்.

"சாண் கணக்கைச் சொன்னா எவன்யா மலையை வாங்குவான்?" என்று பெரிய சார் சிரித்தார். அவரே ரிப்போர்ட்டை எழுதினார். பதினான்காம் துளை, தாதுவின் அகலம் முப்பத்தெட்டு மீட்டர். கீழே ஜியாலஜிஸ்ட் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவள் கணவர் போடமாட்டேன் என்றார். சமாதானம் பேசத்தான் அந்த ஆள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்ததும் காபி குடித்ததும்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. கம்பெனியின் ரகசிய விவரங்களை வெளியாருக்கு விற்றதால் பணிநீக்கம். அத்தோடு விடாமல் பெரிய சார், இந்தத் தொழிலில் இருந்த மற்ற மூன்று கம்பெனிகளுக்கும் அதே விஷயத்தை ஊதிப் பெருக்கித் தனித்தனியாகக் கடிதம் போட்டிருந்தார். பிறகு எவன் வேலை கொடுப்பான்? மலையைப் படித்த மனிதர், கடைசியில் டைல்ஸ் கடையில், சமையல் மேடைக்குக் கல் தேடி வருகிறவர்களுக்குப் பலகை பலகையாகக் காட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய சொந்த அண்ணனே ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கோச்சுக்காதம்மா, மாப்பிள்ளை கொஞ்சமாவது ஏதாவது வெளியில கொடுத்திருப்பாரோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எப்படியோ அவர் காதுக்கும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டாவது வருஷம் கடையிலேயே, ஒரு கறுப்புக் கல்லின் மேல் கை வைத்தபடி சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

அவள் அழுதாள். அழுது முடித்ததும் வயிறு எரிய ஆரம்பித்தது. அது முடியவே இல்லை. அந்த ஆளை மனசுக்குள் அவர் என்று மரியாதையாக நினைப்பதை அன்றோடு விட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் சொன்னது பொய் என்று அவன் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். கணவரின் நோட்டு அவளிடம் இருந்தது. ஆனால் திருட்டுப் பட்டம் வாங்கியவரின் நோட்டை யார் மதிப்பார்கள்? கோர் பெட்டிகள் இருந்த கொட்டகையோ கூரை சரிந்து, பெட்டிகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, குப்பையாக அள்ளப்பட்டுவிட்டது. பாக்கி இருந்த சாட்சி மலை ஒன்றுதான்.

மலை கைமாறி ஒரு அம்மாவிடம் வந்தது. சேர்மன் அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்புத் தொழிலில் புருஷனுக்குப் பிறகு தனியாளாக நின்று சமாளித்த மனுஷி. பெரிய சார் மலையோடு சேர்த்துத் தன்னையும் விற்றுக்கொண்டு புதுக் கம்பெனியிலும் பெரிய சாராகவே உட்கார்ந்திருந்தார். மலையின் பக்கவாட்டிலிருந்து முந்நூற்று நாற்பது மீட்டருக்குச் சுரங்கப்பாதை தோண்டுவது என்று முடிவாயிற்று. ரிப்போர்ட்டின்படி முந்நூற்றிரண்டாவது மீட்டரில் தாது தொடங்கும். அங்கிருந்து முப்பத்தெட்டு மீட்டரும் தாதுதான். சர்வேயர் தேவை என்ற விளம்பரத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். சர்வே அவள் படித்த படிப்பு. சிரிப்பு வந்தது. நீ எழுதிய முப்பத்தெட்டு மீட்டரையும் உன்னை நடக்க வைக்கிறேன் வா, என்று சொல்லிக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினாள்.

சுரங்கத்தில் சர்வேயர் வேலை என்பது நேர்கோட்டு வேலை. கூரையில் ஆணி அடித்து நூலில் குண்டைத் தொங்கவிட்டு, பாதை திட்டத்தில் போட்ட கோட்டிலேயே போகிறதா என்று பார்க்க வேண்டும். தோண்டுகிற இருபது பேரும் அவளுக்கு நூலக்கா என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்குத் தலைவரான மேஸ்திரி நாற்பது வயதுக்காரர், பாறையைத் தட்டிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லக்கூடியவர். "நூலக்கா ஒரு விரக்கடை விலக விடமாட்டாங்கடா. புருஷன் பாவம், வீட்ல கோடு போட்டுத்தான் நடந்திருப்பார்" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாதக் கடைசியில் சர்வே வரைபடம் சர்வேயர் கையெழுத்தோடு நேராக முதலாளிக்குப் போக வேண்டும். இடையில் யாரும் கைவைக்கக் கூடாது. மற்ற இடங்களில் சடங்குக்குச் செய்கிற இந்த வேலையை அவள் பூஜை மாதிரி செய்தாள். படத்தில் பாதையைக் கறுப்பிலும், பெரிய சாரின் முப்பத்தெட்டு மீட்டரைக் கொழுத்த மஞ்சளிலும் வரைந்து, கீழே இன்னும் இத்தனை மீட்டர் என்று எழுதி அனுப்பினாள். சேர்மன் அம்மா அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டதாகக் கேள்வி. கடன் தருகிற பேங்க்காரர்களுக்கும் காட்டினாராம். மாதம் ஒரு முடிச்சாகக் கயிறு இறுகியது.

கயிறு கழுத்தில் உரசியது அந்த ஆளுக்கும் தெரிந்தது. ஆறாவது மாதம் அவளைக் கூப்பிட்டார்.

"பாதையை இடது பக்கம் பத்து டிகிரி திருப்பிடலாம்மா. அந்தப் பக்கம் பாறை நல்லா இருக்கு."

"திருப்பினா பதினாலாம் துளையை விட்டு விலகிடுவோமே சார். உங்க ரிப்போர்ட்லயே அதுதான் பெஸ்ட்டுன்னு போட்டிருக்கு."

"ரிப்போர்ட் கிடக்குது. நான் சொல்றேன்ல."

"சரிங்க சார். எழுத்துல கொடுத்துடுங்க. இந்த மாசப் படத்தோட சேர்த்து அம்மாவுக்கு அனுப்பிடறேன்."

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "நேராவே போகட்டும்" என்றார். அன்று அவள் ஆணி அடிக்கும்போது மேஸ்திரி, "என்னக்கா, ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு தெளிவு இருந்ததாம்.

இப்படியே போயிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஒன்பதாவது மாதம், இருநூற்று முப்பதாவது மீட்டரில், கூரையிலிருந்து ஒரு பலகைக் கல் விழுந்தது. அடியில் நின்றவன் மேஸ்திரியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. அவர்தான் வீட்டில் சும்மா இருந்தவனைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மச்சான் மருந்து மயக்கத்தில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கழற்றி வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றார். "அங்க நிஜமாவே இருக்குல்ல?"

"ஏன் கேக்கறீங்க?"

"மைன் ஓட ஆரம்பிச்சா ஸ்டோர்ல இவனுக்கு உட்கார்ந்து பாக்கற வேலை போட்டுத் தர்றேன்னு பெரிய சார் சொல்லியிருக்காரு. என் வீட்டுக்காரி மூஞ்சியில நான் முழிக்கணும்னா அது நடக்கணும். பெரியவங்க ஆயிரம் சொல்வாங்க. நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்."

அவள் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"ரிப்போர்ட்ல இருக்கு மேஸ்திரி."

அதில் பொய் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் கண்ணைப் பார்க்க முடிந்தது. மேஸ்திரி தலையை ஆட்டினார். மூன்றாவது நாள் வேலைக்கு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது அவள் நடுவில் நின்றாள். இப்போதே சேர்மன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், நோட்டில் இருக்கும் கணக்கைக் காட்டினால் போதும், தோண்டுவதை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும்? பூமிக்குள் இருப்பதை யாரம்மா சரியாகச் சொல்ல முடியும் என்று அந்த ஆள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆகிவிடுவான். அவள் கணவர் காலத்துக்கும் திருடனாகவே இருப்பார். இன்னும் எழுபது மீட்டர்தான் என்று அவள் தன்னிடமே சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் படிகளில் இறங்கினாள்.

முந்நூற்றிரண்டு வந்தது. வெறும் பாறை. "ரிப்போர்ட்ல முன்ன பின்ன இருக்கும்" என்றார் பெரிய சார். முந்நூற்றுப் பத்து வந்தது. வெறும் பாறை. முந்நூற்றுப் பதினெட்டில் வெடி வைத்து, புகை அடங்கி, அவளும் மேஸ்திரியும் உள்ளே போனபோது, சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு வெள்ளைப் பட்டை நின்றது. அவள் தலைவிளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடித்தாள். முட்டைக்கரு மஞ்சள்.

அவள் கையை விரித்துப் பட்டையின் மேல் வைத்தாள். கட்டைவிரல் ஒரு ஓரம், சுண்டுவிரல் தாண்டி இன்னும் இரண்டு விரல். பென்சிலால் எழுதிய அதே கணக்கு. அவர் இந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. நூறு மீட்டர் பாறைக்கு மேலே, ஒரு மேஜையில் உட்கார்ந்துகொண்டு இதைத் தெரிந்து வைத்திருந்தார். என்னங்க, என்று மட்டும் முனகினாள்.

"வந்துடுச்சுக்கா," என்றார் மேஸ்திரி. "இது ஆரம்பம்தான்ல? இனிமே அகலமாயிடும்ல?"

அவள் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். பதில் சொல்லாமல் இருக்க அது நல்ல வேலை.

அடுத்த எட்டு மீட்டரிலும் ஒன்றுமில்லை. அதற்குள் சேர்மன் அம்மா பேங்க்காரர்கள் இருவரோடு நேரில் வருவதாகத் தேதி சொல்லிவிட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மஞ்சளைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பெரிய சார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் முகம் கழுவிவிட்டு வந்தவர் மாதிரி பளிச்சென்று வந்தார். அம்மா வருகிற நாள் காலையில் யாரும் உள்ளே போக வேண்டாம், தூசி அடங்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று காலை மேஸ்திரி அவளிடம் ஒரு பிராது கொண்டுவந்தார்.

"அக்கா, நம்ம பசங்க துணி துவைக்க வெச்சிருந்த சோப்புத்தூள் பாக்கெட் பன்னெண்டு காணோம். தண்ணி தெளிக்கிற முதுகுப் பம்ப்பும் இடம் மாறிக் கிடக்கு. எவன் இந்த வேலை பாக்கறது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. துணியை வெளுப்பாகக் காட்டுகிற மருந்து சோப்புத்தூளில் இருக்கிறது. புற ஊதா விளக்கில் அது ஜொலிக்கும். கோர் அறைக்குள் வெள்ளைச் சட்டையோடு போகிற யாருக்கும் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். மஞ்சளாக ஜொலிக்காது என்பதும் தெரியும். ஆனால் பேங்க்காரனுக்கு எந்த நிறம் தெரியப் போகிறது? நூல் பிடிக்கிற பொம்பளைக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு. இந்தப் பொம்பளை யார் வீட்டுக்காரி என்று தெரிந்திருந்தால் சோப்புத்தூளைத் தொட்டிருக்கவே மாட்டான்.

"விடுங்க மேஸ்திரி. மதியத்துக்குள்ள ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ஒரு வாளித் தண்ணியும் பழைய துணியும் மட்டும் எடுத்துட்டு என்கூட வாங்க."

பத்தரை மணிக்கு எல்லோரும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்கள். முன்னால் பெரிய சார், அவருக்குப் பின்னால் சேர்மன் அம்மா, பேங்க்காரர்கள் இருவர், கடைசியில் அவளும் வாளியோடு மேஸ்திரியும். முந்நூற்றிரண்டைத் தாண்டியதும் சோப்புத்தூளின் எலுமிச்சை வாசனை அடித்தது. சென்ட்டையும் மீறி அடித்தது.

"எல்லாரும் தலைவிளக்கை அணைச்சிடுங்க," என்றார் பெரிய சார், மேடையில் நிற்கிறவர் மாதிரி. "இப்போ பாருங்க."

ஸ்டாண்டில் மாட்டியிருந்த புற ஊதா விளக்கைப் போட்டார். இருபுறமும் சுவர் முழுக்க, கூரை வரை, நீலவெள்ளையாக எரிந்தது. பேங்க்காரர்களில் ஒருவர் வாய்விட்டு, "அடேயப்பா" என்றார். சேர்மன் அம்மா சுவரை நோக்கி ஒரு அடி வைத்தார். மேஸ்திரி அவள் பக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.

அவள் அந்த ஆளுக்கு நாலு வினாடி கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவன் முழுதாக நம்பட்டும் என்று எண்ணியே கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். உங்க ரிப்போர்ட்ல இருபத்தோராம் பக்கத்துல, மாலிப்டினம் கலந்திருக்கறதால இந்த மலையில எல்லாம் மஞ்சளா ஒளிரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது ஏன் நீலமா இருக்கு?"

"அதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்மா."

"அப்ப அதோ, அந்த ஒரு பட்டை மட்டும் மஞ்சளா இருக்கே."

எல்லோரும் திரும்பினார்கள். நீலத்துக்கு நடுவே, ஒரு சாண் இரண்டு விரல் அகலத்துக்கு, மஞ்சள் தனியாக நின்றது.

"இன்னொண்ணும் கேக்கறேன். பேங்க் சார் சட்டை காலரைப் பாருங்க. சுவரு எந்த நிறத்துல எரியுதோ அதே நிறம். அவர் காலர்லயும் டங்ஸ்டனா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் துணியை வாளியில் முக்கிச் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். துடைத்த இடம் கறுத்தது. மஞ்சள் பட்டையையும் துடைத்தாள். அது அப்படியே நின்றது. துணியைத் தூக்கிக் காட்டினாள். துணி நீலமாக எரிந்தது. இன்னொரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. பத்து வருஷமாகத் துடைக்க நினைத்ததையெல்லாம் துடைத்தாள்.

"யாரு செஞ்சது இது?" என்றார் சேர்மன் அம்மா.

"தெரியலையே மேடம். வேலைக்காரப் பசங்க யாராவது…" என்று பெரிய சார் இரண்டு கையையும் விரித்தார்.

விரித்தது விளக்குக்கு முன்னால். உள்ளங்கை இரண்டும், நகக்கண் வரைக்கும், நீலமாக ஜொலித்தன. கையும் களவுமாகப் பிடிப்பது என்றால் இதைவிட எப்படிப் பிடிப்பது? அவர் கையை மடக்கிக்கொண்டார். மடக்கிய முஷ்டியின் ஓரங்களிலும் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் அவள் முகத்தை அந்த ஆள் முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க… அவரோட…"

"ஆமா சார். ரெண்டு தடவை எங்க வீட்டுல காபி குடிச்சிருக்கீங்க. ரெண்டாவது தடவை சர்க்கரை கம்மின்னு சொன்னீங்க."

மீதி ஆபீஸ் அறையில் நடந்தது. சேர்மன் அம்மா அவளுடைய கணவரின் நோட்டை ஒரு தடவை, அவள் அளந்த படத்தை ஒரு தடவை பார்த்தார். இரண்டிலும் ஒரே அளவு. "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"ஒரு கடிதம். அவர் கையெழுத்துல. மூணு கம்பெனிக்கு மூணு பிரதி, எனக்கு ஒண்ணு."

பெரிய சார் எழுதினார். அவள் வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்தாள்.

"தவறு நேர்ந்துவிட்டதுன்னு எழுதாதீங்க சார். நேர்றதுக்கு அது மழையா? நான் பொய் சொன்னேன்னு எழுதுங்க."

மறுபடி எழுதினார். மறுபடி கிழித்தாள். "அவர் பேருக்கு முன்னால திரு போடுங்க. விட்டுட்டீங்க." மூன்றாவது தடவை வியர்வை காகிதத்தில் சொட்டியது, சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. இரக்கம் வருமோ என்று ஒரு நிமிஷம் காத்துக்கூடப் பார்த்தாள். வந்தது பசிதான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட வேண்டும் போல வயிறு கேட்டது.

கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும், அதை அவன் முன்னால் விரித்து வைத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். சுரங்க வாசலில் ஆட்கள் தங்கள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மலையை மூடுவதாகச் சேர்மன் அம்மா சொன்னது அதற்குள் பரவியிருந்தது. மேஸ்திரி தலைவிளக்குகளை எண்ணிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு மீண்டுடுச்சாமேக்கா. பசங்க சொன்னாங்க. நல்லது."

"ஆமா மேஸ்திரி."

"ஒரு சாண்தான் இருக்கும்னு அவரு அப்பவே எழுதி வெச்சிருந்தாராமே."

"ஆமா."

"அந்த நோட்டு எப்பலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?"

அவளுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தது. அந்த ஆளைப் போல இடத்துக்கு இடம் மாறும் என்று சொல்லித் தப்பிக்க அவளால் முடியவில்லை.

"ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு."

"மச்சான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப?"

"அப்பவும்தான்."

"ரிப்போர்ட்ல இருக்குன்னு சொன்னீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். கத்துகிறவர்களுக்குச் சொல்ல அவளிடம் பத்து வருஷத்துக் காரணம் இருந்தது. கையில் இருந்த கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை மேலும் ஒரு மடிப்பு மடித்தாள்.

மேஸ்திரி கடைசி விளக்கையும் மாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி நின்று, அவள் முகத்தைப் பார்த்தார். நரைத்த முன்முடி, கண்ணாடி, மூக்கு, வாய் என்று நிதானமாக, ஒவ்வொன்றாக, எதையும் விட்டுவிடாமல் பார்த்தார். ஒரு முகத்தை இனி மறக்கவே கூடாது என்று பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவளுக்குத் தெரியும்; பெரிய சார் இரண்டாவது தடவை காபி குடித்துவிட்டுப் படியிறங்கிய அன்று, கதவுக்குப் பின்னால் நின்று அவள் அப்படித்தான் பார்த்தாள்.